உள்ளங்கையால் நாசிலைச் சோதிக்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் டீசல் பம்ப் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு: என்ஜினுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளுகிற பம்ப் அது; அந்த டீசலைச் சிலிண்டருக்குள் தூவலாகப் பீய்ச்சுகிற, நுண்ணிய ஓட்டைகள் உள்ள முனைதான் நாசில். சென்னை, பெங்களூரு, சேலம் என்று மூன்று திசைச் சாலைகள் கூடுகிற ஊர். லாரி, டிப்பர், போர்வெல் வண்டி, குவாரி கம்ப்ரசர், டிராக்டர் என்று ஏதாவது ஒன்றின் பம்ப் எப்போதும் எங்கேயாவது பிரித்துக் கிடக்கும். நான் காவேரிப்பட்டணத்துக்காரன். கப்பலில் செகண்ட் என்ஜினீயர். விடுப்பில் வந்தால் வீட்டில் இருப்பதைவிடப் புறவழிச்சாலை ஓரத்துப் பம்ப் கடை ஒன்றில் உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம் என்று வீட்டில் குறை உண்டு. குறையில் உண்மை இருக்கிறது.

இந்த முறை அக்கா மகனையும் கூட்டிப்போனேன். மரைன் என்ஜினீயரிங் சேரப் போகிறான். கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இதெல்லாம் சின்னச் சின்ன பம்ப். கப்பலில் பிரஷர் இதைவிடப் பல மடங்கு இருக்கும் இல்லையா?" என்றான். கப்பலுக்குப் போகிற எல்லாப் பையன்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

அழுத்தக் கணக்கில் கப்பல் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. இப்போது சாலையில் ஓடுகிற காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் எண்ணெயை அழுத்தத்தோடு வைத்திருக்கும் வகை) லாரிகளில் 1600 பார், 2000 பார் வரை போகிறது. கப்பலின் பிரதான டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் 600 முதல் 1000 பார் வரைதான். ஆனால் 1000 பார் என்பதே ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஏறத்தாழ ஒரு டன் எடை. சுண்டுவிரல் நகத்தின் மேல் ஒரு டன். அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் மனிதத் தோலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

வித்தியாசம் இருப்பது அளவில். லாரி என்ஜினில் ஒரு தடவை பீய்ச்சுகிற டீசல் ஒரு கிராமில் ஒரு சிறு பங்குதான். பெரிய கப்பல் என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு ஒரு தடவைக்கே 100 கிராமுக்கு மேல் போகும். அடுத்த வித்தியாசம் எண்ணெயில். நாங்கள் எரிப்பது பெரும்பாலும் சுத்திகரிப்பு ஆலையின் அடிக்கசடு. 380 சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெய் எவ்வளவு கெட்டி, அதாவது அதன் பாகுத்தன்மை என்ன, என்பதற்கான அளவு) என்று பெயர் பெற்ற கனரக எண்ணெய்க்கு அந்தப் பாகுத்தன்மை 50 டிகிரி வெப்பத்தில் இருப்பது. நாசிலில் தூவலாக உடைய வேண்டுமானால் 10 முதல் 15 சென்டிஸ்டோக்ஸுக்கு இறங்க வேண்டும்; அதற்கு 130, 140 டிகிரி வரை சூடாக்க வேண்டும். ஆகவே அங்கே குழாய் கசிந்தால் வெளியே வருவது கொதிக்கிற எண்ணெய். பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய். 220 டிகிரிக்கு மேல் சூடேறக்கூடிய எந்தப் பரப்பையும் காப்புறையால் மூடியிருக்க வேண்டும் என்று கடல் பாதுகாப்பு விதிகள் வற்புறுத்துவது இதனால்தான். தூவல் படப் போகும் இடத்தில் ஒரு கையளவு காப்புறை கழன்றிருந்தாலே போதும், தீப்பிடிக்க வேறு எதுவும் வேண்டாம்.

கடை அண்ணனிடம் பையன் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருந்தது. அவர் ஒவ்வொரு எலிமெண்டையும், அதாவது எண்ணெயை அமுக்குகிற தண்டான பிளஞ்சரையும் அது ஓடுகிற உருளையான பேரலையும், தனித்தனித் தட்டில் வைக்கிறார். ஒன்றின் பிளஞ்சர் இன்னொன்றின் பேரலுக்கு ஒருபோதும் போகாது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு சில மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. ஜோடியாகத் தேய்த்து ஜோடியாகப் பொருத்தியவை ஜோடியாகத்தான் மாற வேண்டும். கப்பலிலும் இதே சட்டம். சுத்தமான டீசலில் கழுவி, பேரலைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரைப் பாதி வெளியே இழுத்து விடுவார். அது தன் எடையிலேயே, அவசரப்படாமல், நிற்காமல் வழுக்கி உள்ளே போக வேண்டும். இடையில் தயங்கினால் கீறல் இருக்கிறது. சட்டென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது. கோணத்தை மாற்றித் திருப்பித் திருப்பி இதையே செய்வார். பனியன் வேஸ்டைப் பக்கத்தில் அண்ட விடமாட்டார், நூல் பிசிறு நாசில் ஓட்டையில் போய் உட்காரும் என்பதால். இவ்வளவு கவனமுள்ள மனிதர்.

அப்படிப்பட்டவர் நாசிலை டெஸ்டரில் மாட்டியதும் உள்ளங்கையை நீட்டினார்.

டெஸ்டரின் கைப்பிடியை அடிக்கும்போது அழுத்த மானியின் முள் ஏறும். நாசில் திறக்கும் அழுத்தத்தில் முள் துள்ளி விழும்; கூடவே 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டே நாசிலுக்குள் திறந்து மூடுகிற ஊசியும், அது உட்காருகிற இடமான சீட்டும் சரியாக இருக்கின்றனவா என்று அவர் சொல்லிவிடுவார். அவர் காது தப்பாது. பிறகு திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே முள்ளை நிறுத்தி நுனியைப் பார்ப்பார்; நுனி காய்ந்தே இருக்க வேண்டும், ஒரு சொட்டுத் திரண்டாலும் சீட் பிடிக்கவில்லை. இதுவரை எல்லாம் சரி. தூவலின் வடிவத்தைப் பார்க்கத்தான் கை போகிறது.

"புகை மாதிரி படிந்தால் நல்ல நாசில் தம்பி. ஊசி மாதிரி குத்தினால் ஓட்டை போய்விட்டது" என்றார்.

"குத்துவது உங்களுக்குத் தெரிகிறது என்றால் உள்ளே போய்விட்டது அண்ணா" என்றேன்.

சிரித்தார். அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் பார்க்கிறார்களாம்.

தோலைத் துளைக்க 7 பார் அழுத்தமே போதும். பழைய லாரி நாசில் 200 பாருக்கு மேல் திறக்கிறது. கை தூரத்தில் இருக்கும்வரை, தூவல் நன்றாக உடையும்வரை, ஒன்றும் ஆகாது. அந்த நம்பிக்கைதான் ஆபத்து. நாசிலே கெட்டுப்போய், தூவல் உடையாமல் கம்பியாக வரும் நாளில்தான் கை துளைபடும். கெட்ட நாசிலைக் கண்டுபிடிக்கத்தான் கையை நீட்டுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் ஃபிட்டர் ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் இப்படிப் பட்டது. பார்த்தால் முள் குத்திய அளவுதான். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. வலியும் இல்லை. கை கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். உணவு நேரத்தில் விரல் வீங்கி வெளிறிவிட்டது, இரவு மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. உள்ளே போன எண்ணெய் தசைநார் உறையின் வழியாகக் கைக்குள் ஓடி, போகிற இடமெல்லாம் திசுவைக் கொன்றுகொண்டே போகும். வெளிக்காயத்துக்கும் உள்ளே நடப்பதற்கும் தொடர்பே இருக்காது. கப்பலைத் திருப்பி, கரை சேர்த்து, அறுவை செய்தும் அந்த விரலின் முன்பாதியைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே பம்ப் கடையிலோ, ஜெனரேட்டர் அறையிலோ, குவாரியில் ஹைட்ராலிக் குழாய் வெடித்தோ யாருக்காவது இப்படிப் பட்டால், காயம் சின்னது என்று மருந்துக் கடையில் டிடி ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இது அறுவை சிகிச்சைக்குரிய அவசரம். ஆறு மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்வது நல்லது. அழுத்திப் பிதுக்கக் கூடாது, சுடுதண்ணீரில் கையை வைக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன; அங்கே போய், "உயர் அழுத்தத்தில் எண்ணெய் கைக்குள் போய்விட்டது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு அழுத்தம், எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள். அந்தக் காயத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அண்ணன் என்னிடம் வாதாடி முடித்தாலும், மறுநாள் போனபோது தண்ணீர் கேன் ஒன்றைக் குறுக்காக வெட்டி டெஸ்டருக்குக் கீழே நிறுத்தியிருந்தார். அடியில் தினசரி காலண்டர் தாள். ஒரே ஒரு தடவை வேகமாக அடித்தால் தாளில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ஈரப் பொட்டு விழுகிறது. ஒரு பொட்டு நீண்டிருந்தால் அந்த ஓட்டை தேய்ந்துவிட்டது; ஒன்று இல்லவே இல்லை என்றால் அடைத்திருக்கிறது. உள்ளங்கை இதைச் சொல்லாது. தாளை வண்டிக்காரருக்குக் காட்டிக் காசும் கேட்கலாம் என்பதை அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

குழாய்க்கு வருகிறேன். மாம்பழப் பருவத்தில் எங்கள் பக்கத்து மாங்கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர். தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார் என்று ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். நாசிலுக்குப் போகிற பிரஷர் பைப்பின் முனையில் கசிவு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆபரேட்டர் ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, நெம்பி, நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். முகம் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில். நிறுத்தச் சொன்னேன். "நிறுத்தினால் கூழ் கெட்டுவிடும் சார்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கசிகிற குழாயை அழுத்தத்தோடு இறுக்குவதைவிட மோசமான காரியம் இந்தத் தொழிலில் குறைவு. கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் நட்டு தளர்ந்ததல்ல. குழாய் முனையின் கூம்பு அழுக்கானதோ, கீறல் விழுந்ததோ, குழாயே விரிந்ததோதான். மேலும் இறுக்கினால் கூம்பு நசுங்கும், விரிசல் ஓடும்.

அங்கே நடந்ததும் அதுதான். நிறுத்திக் கழற்றிப் பார்த்தபோது குழாயைப் பிடித்து வைக்கும் கிளாம்ப் இரண்டில் ஒன்று இல்லை. முன்பு யாரோ கழற்றியவர் திரும்பப் போடவில்லை. கிளாம்ப் இல்லாத குழாய் அதிர்ந்து அதிர்ந்து கூம்புக்குப் பின்னாலேயே களைத்து விரிந்திருந்தது. நகத்தால் தடவினால்தான் தெரிகிற அளவு விரிசல்.

கப்பலில் இந்தக் குழாய்க்கு மேலே இன்னொரு குழாய் போர்த்தியிருக்கும். உள்குழாய் விரிந்தால் எண்ணெய் வெளியே பீய்ச்சாமல் இரண்டுக்கும் நடுவே ஓடி ஒரு சிறு தொட்டிக்குப் போகும். தொட்டி நிறைந்தால் மிதவை எழும்பி அலாரம் அடிக்கும். பழைய கப்பல்களும் 2003 ஜூலை 1க்குள் இப்படி மாறியாக வேண்டும் என்று விதி வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த அலாரத்துக்குக் கெட்ட பெயர் உண்டு. பம்பிலிருந்து சாதாரணமாகச் சொட்டுகிற எண்ணெயும் அதே தொட்டிக்கு வந்து அடிக்கடி அலாரத்தை எழுப்பிவிடும். ஆட்களுக்குச் சலித்துப்போய், வடித்துவிட்டு, அலாரத்தை அமர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். என் பழக்கம் வேறு. அலாரம் அடித்தால் தொட்டியை வடித்து, மறுபடி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பேன். நாள் கணக்கில் நிறைந்தால் சொட்டு. நிமிடக் கணக்கில் நிறைந்தால் குழாய். குழாய் என்றால் வேறு யோசனை இல்லை: அடுத்த ஜெனரேட்டரை ஓட்டி, சுமையை மாற்றி, இதை நிறுத்து. வெளிக்குழாய் காப்பாற்றும் என்று ஓட்டிக்கொண்டே போவது, மாற்று டயரில் தோப்பூர் கணவாய் இறங்குவதற்குச் சமம்.

காமன் ரெயில் கப்பலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய வகையில் பம்ப் அமுக்குகிற நேரத்தில் மட்டும்தான் குழாயில் அழுத்தம். 2001ல் ஜிப்சம் சென்டென்னியல் என்ற கப்பலில் சல்சர் ஆர்டி-ஃப்ளெக்ஸ் என்ற காமன் ரெயில் என்ஜின் முதன்முதலாக ஓடத் தொடங்கியதிலிருந்து, ரெயிலில் எண்ணெய் எந்நேரமும் அழுத்தத்தோடு காத்திருக்கிற என்ஜின்கள் பெருகிவிட்டன. என்ஜின் நின்றுவிட்டது என்பதால் ரெயில் காலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வடிக்கும் வால்வைத் திறந்து, மானி பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்து, அதற்குப் பிறகும் முதல் நட்டைத் தளர்த்தும்போது முகத்தை விலக்கி, துணியால் மூடித்தான் கழற்ற வேண்டும்.

அடுத்தது வெப்பம். பம்புகள் கெடுவதை நான் அதிகம் பார்த்தது நடுக்கடலில் அல்ல, துறைமுகம் நெருங்குகிற நேரத்தில். வட கடல், பால்டிக் போன்ற காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2015 முதல் எண்ணெயில் 0.10 சதவீதத்துக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. ஆகவே எல்லைக்கு முன்பே கனரக எண்ணெயிலிருந்து லேசான டீசலுக்கு மாற வேண்டும். 130 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கிற பம்புக்குள் 40 டிகிரி டீசலை விட்டால் என்ன ஆகும்? பேரலும் பிளஞ்சரும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. சில மைக்ரான் இடைவெளி மறைந்து பிளஞ்சர் கடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் மாறக் கூடாது என்பது அதனால்தான். கணக்குப் போட்டால் 90 டிகிரி இறங்க முக்கால் மணி நேரம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும், ஏனென்றால் குழாய்ச் சுற்றில் பழைய எண்ணெயும் புதியதும் கலந்துதான் ஓடுகின்றன.

நான் ஜூனியராக இருந்த கப்பல் ஒன்றில், துறைமுகத்துக்குள் வழிகாட்டுகிற பைலட் ஏறுகிற நேரம் நெருங்கிவிட்டது என்று இந்த முக்கால் மணியைக் கால் மணியாக்கினார்கள். இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வெப்பம் மட்டும் சரசரவென்று இறங்கியது. அந்த இரண்டு பம்பும் கடித்துவிட்டன. நல்லவேளையாக இன்னும் திறந்த கடல். நங்கூரம் போட்டு இரவு முழுவதும் பம்ப் மாற்றினோம். மிச்சம் பிடித்த அரை மணி நேரம் ஒரு முழுநாளைத் தின்றது.

2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் கந்தக வரம்பு 0.50 சதவீதம் என்று ஆன பிறகு இன்னொரு குழப்பம் சேர்ந்துகொண்டது. பழைய 380க்கு இத்தனை டிகிரி என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். இப்போது வருகிற குறைந்த கந்தக எண்ணெய் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று 80 டிகிரியிலேயே போதுமான அளவு இளகிவிடும், இன்னொன்று 120 கேட்கும். வெப்பமானியைப் பார்த்து ஓட்டாதீர்கள், பாகுத்தன்மையை அளக்கிற விஸ்கோமீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள். டீசலில் ஓடும்போது எதிர்ப்பக்கக் கவலை: என்ஜினுக்குள் நுழையும்போது 2 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே போகக் கூடாது. போனால் பிளஞ்சருக்கு வழவழப்பு இல்லை, இடைவெளி வழியாகக் கசிந்து என்ஜின் கிளம்பவும் மறுக்கும்.

அழுக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கித் துகள்கள், அலுமினியமும் சிலிக்கானும் கலந்தவை, எண்ணெயோடு கப்பலுக்கு வந்துவிடும். கல்லைப்போலக் கடினம். வாங்கும் எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை தரநிலை அனுமதிக்கிறது. என்ஜினுக்குப் போகும்போது 15க்குக் கீழே, முடிந்தால் 10க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த வேலை எண்ணெயைச் சுழற்றி அழுக்கைப் பிரிக்கிற பியூரிஃபையருடையது. 98 டிகிரியில், அவசரமில்லாமல் மெதுவாக ஓட விட்டால் பிரித்துவிடும். 90 டிகிரியில் வேகமாக ஓட்டினால் பிரிக்காது, ஓடுவதாகக் காட்டும், அவ்வளவுதான். உயர் அழுத்தப் பம்ப் தேய்கிறது என்று புகார் எழுதுகிற ஒவ்வொரு கப்பலிலும் நான் முதலில் பார்ப்பது பியூரிஃபையரின் வெப்பமானியை.

உயர் அழுத்தப் பம்புக்கு எண்ணெய் ஊட்டுகிற குறைந்த அழுத்தப் பக்கத்தை யாரும் மதிப்பதில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் 2024 மார்ச் 26 அன்று பாலத்தில் மோதிய டாலி கப்பலைப் பற்றி ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள், மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர் என்பதால். முதல் மின்தடைக்குக் காரணம் சரியாகப் பொருந்தாத ஒரு கம்பி என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. எனக்கு உறைத்தது இரண்டாவது மின்தடை. ஜெனரேட்டர்களுக்கு எண்ணெய் ஊட்டிக்கொண்டிருந்தது குழாயைக் கழுவுவதற்கென்று இருந்த ஒரு பம்ப். மின்சாரம் போய்த் திரும்பினால் அது தானாக மறுபடி ஓடாது. ஊட்டம் நின்றது, ஜெனரேட்டர்கள் நின்றன. 1000 பார் தரும் பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாயிலில் 7, 8 பாரில் எண்ணெய் வந்து நிற்காவிட்டால் அது வெறும் இரும்பு.

அக்கா மகனுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: புதுக் கப்பலில் ஏறிய முதல் வாரத்தில், தொட்டியிலிருந்து நாசில் வரை எண்ணெய்க் குழாயைக் கையில் டார்ச்சோடு நடந்து பார். எந்தக் கிளாம்ப் இல்லை, எந்தக் காப்புறை கழன்றிருக்கிறது, மாற்றுப் பிரஷர் பைப் எத்தனை இருக்கிறது, அவை முனை மூடியோடு இருக்கின்றனவா என்று குறித்துக்கொள். என்ஜின் அறைக்கு வெளியே, தீப்பிடித்தால் எண்ணெயை அடைக்கிற விரைவு மூடி வால்வுகளின் இழுகம்பிகள் இருக்கும். எது எந்தத் தொட்டிக்கு என்று இருட்டில் தடவிச் சொல்கிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சோதனைக்காக அவற்றை இழுத்து மூடினார்கள் என்றால், திரும்பத் திறந்தார்களா என்று நீயே ஏறிப் பார். மூடிய வால்வோடு புறப்பட்டாலும் குழாயில் மிச்சமிருக்கிற எண்ணெயில் ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடும். துறைமுக வாயிலைத் தாண்டும்போது நிற்கும்.